பதினான்காம் மனையில் ஓடிய தண்ணீர்

அன்புள்ள எஸ்தர்,

உறுதி செய்யப்பட்ட கடைசித் தகவல் இது. இன்று காலை, வெளிச்சம் வந்த கொஞ்ச நேரத்தில், பதினான்காம் மனையின் வழியாகத் தண்ணீர் ஓடியது. தேங்கி நிற்கவில்லை, ஓடியது. பார்த்தவன் நான். கூட நின்று பார்த்த இன்னொருவர் ஏரிக்கரையில் டீக்கடை வைத்திருக்கும் கன்னியப்பன். இரண்டு பேர் பார்த்திருக்கிறோம், இரண்டு பேர் சொல்வதும் ஒத்துப்போகிறது. அதனால்தான் இதை உனக்கு எழுதத் துணிகிறேன்.

எப்படித் தெரிந்தது என்று நீ கேட்பாய். கேட்க வேண்டும். இரவு முழுக்கப் பெய்த மழை விடியும்போது தூறலாகிவிட்டிருந்தது. உங்கள் நிறுவனம் நட்டிருக்கும் மனைக் கற்கள் தண்ணீருக்கு மேலே தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன, வெள்ளையடித்த தலைகள். சாலையிலிருந்து பார்த்தால் அது வெறும் மழைத் தேக்கம் போலத்தான் இருந்தது. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, சிறுபாலத்துப் பக்கம் இருந்த முதல் கல்லின் அருகே ஒரு பூவரச இலையை வைத்தேன். அது கொஞ்ச நேரம் என் விரலை விட்டுப் போக மனமில்லாதது போல நின்றது. பிறகு திரும்பியது. பிறகு போனது. நான் அதன் பின்னாலேயே நடந்தேன். ஒன்பதாம் மனை, பத்தாம் மனை, ஒரு மெல்லிய வளைவு, பிறகு பதினான்கு. ஏரியைப் பார்த்த மூலை மனை, எனக்கும் அம்மாவுக்கும் என்று நீ சொல்லி வைத்திருப்பது. நீ காகிதத்தில் சமையலறை வரைந்து காட்டினாயே, கிழக்கே ஜன்னல் வைத்து, அந்தச் சமையலறைக்குள் நுழைந்து, ஜன்னல் வழியாக வெளியேறி, இலை ஏரிக்குள் போய்ச் சேர்ந்தது.

கரையிலிருந்து கன்னியப்பன் கத்தினார். "இன்னா சார், காலங்காத்தால கப்பல் வுட்டுகினு கீறீங்க? அம்மா வூட்ட வுட்டுத் தொரத்திட்டாங்களா?" நான் அவரையும் இறங்கச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார். இரண்டாவது இலையை அவர் கையால் விடச் சொன்னேன். அதுவும் அதே வளைவில் திரும்பியது. மூன்றாவது இலையை நான் சொல்லாமலே அவராக விட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் நீ சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தட்டைப் பார்த்தபடியே கேட்டாய், "அப்பா, அங்க எப்பவாவது வாய்க்கால் இருந்துச்சா?" என்று. நான் உடனே பதில் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று நினைத்திருப்பாய். இல்லை. எனக்கு ஒரு பழக்கம் உண்டு, உனக்கே தெரியும்: கேள்வி முக்கியமானதாக இருந்தால் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் சொல்வேன். நீ சாயங்கால மின்சார ரயிலைப் பிடித்துக் கிண்டி விடுதிக்குப் போய்விட்டாய். அந்த விடுதித் தொலைபேசியில், பின்னால் வரிசையில் நிற்கிற பெண்களுக்கு நடுவில் பேசக்கூடிய விஷயமில்லை இது. எழுதினால்தான் எனக்கு ஒழுங்காக வரும். இதில் மறைக்க ஒன்றுமில்லை. உன் தோழிகள் படிக்கலாம். உன் அலுவலகத்தில் மேலே இருப்பவர் கேட்டால் அவரிடமும் கொடுக்கலாம்.

பதில் இதுதான். வாய்க்கால் இருந்தது. நீ அதைப் பார்த்திருக்கிறாய். நீ அதில் ஒரு பொருளைத் தொலைத்தும் இருக்கிறாய்.

நீ ஆறாவது படித்துக்கொண்டிருந்த வருடம். அந்தக் கோடையில் ஏரி கொஞ்சம் கொஞ்சமாக நிறம் மாறியது. முதலில் கரையோரத்தில் ஒரு நீலம், யாரோ பேனாவைக் கழுவியது போல. பிறகு நுரை. பிறகு கெண்டை மீன்கள் வெள்ளி வயிற்றை மேலே காட்டிக்கொண்டு மிதந்தன; தூரத்திலிருந்து பார்த்தால் தண்ணீரில் பூ தூவியிருப்பது போல அழகாக இருந்தது, கிட்டே போனால்தான் நாற்றம். நனைந்த செருப்பின் நாற்றம். தோல் பதனிட்ட கழிவு என்பது மூக்குக்கே தெரிந்தது. எங்கிருந்து வருகிறது என்பது மட்டும் தெரியவில்லை. நான் கன்னியப்பனிடம் கேட்டேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "டேங்கர் லாரி சார். ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு வர்றான். நீங்கல்லாம் கோயில்ல பாடிக்கினு இருப்பீங்க இல்ல, அப்போ. உங்க பாட்டுதான் அவனுக்கு அலாரம். பாட்டு ஸ்டார்ட் ஆனா ஓஸ் பைப்ப போடுவான், ஐயரு பிரசங்கம் முடிக்கறதுக்குள்ள கெளம்பிடுவான். நம்ப ஐயருதான் சீக்கிரம் முடிக்கவே மாட்டாரே."

யோசித்துப் பார். நம் தெருக்களில் பாதிப் பேர் ஆலயத்தில். மீதிப் பேர் ஞாயிறு என்பதால் வீட்டுக்குள். ஏரிக்கரையில் யாருமில்லாத ஒரே நேரம் நம் ஆராதனை நேரம். இத்தனை வருடங்களில் எத்தனையோ செய்திகளுக்காக அலைந்திருக்கிறேன். மீனம்பாக்கம் பக்கத்துக் கல் குவாரிகள், படப்பை ரோட்டில் இரவோடு இரவாகப் போன ஆற்று மணல், பள்ளிக்கரணைச் சதுப்பில் கொட்டிய குப்பை. இந்தக் குற்றங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்றைப் பார்த்தேன். அவை இருட்டைத் தேடுவதில்லை. ஆளில்லாத நேரத்தைத் தேடுகின்றன. அந்த நேரத்தை ஊர்தான் தன்னை அறியாமல் கொடுக்கிறது.

அடுத்த ஞாயிறு நான் ஆராதனைக்குப் போகாமல் கரையில் போய் நின்றேன். லாரி வந்தது. கேமராவோடு ஒருவன் நிற்பதைப் பார்த்துவிட்டு, ஏதோ வழி தப்பியது போல மெதுவாகக் கடந்து போய்விட்டது. நாளிதழில் நாலு வரிச் செய்தி எழுதினேன். ஒரு அதிகாரி வந்தார், ஒரு புதன்கிழமை. புதன்கிழமையில் லாரியா இருக்கும்? நல்ல காற்று இருந்தது. பார்த்துவிட்டுப் போனார்.

வழி சொன்னது உன் அம்மா. அவள் பாடகர் குழுவில் இருந்தாள். குருத்தோலை ஞாயிறு வந்துகொண்டிருந்தது. பவனி எப்போதும் ஆலயத்திலிருந்து பள்ளி மைதானம் வரை போய்த் திரும்பும். "இந்த வருஷம் ஏரிக்கரைப் பக்கமா சுத்தி வரலாமே ஐயா" என்று போதகரிடம் சாதாரணமாகச் சொன்னாள். "வெயிலா இருக்குமேம்மா" என்றார் அவர். "காத்து வரும் ஐயா" என்றாள் அம்மா. போதகர் அவளை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு, "பத்து மணிக்குத்தான் காத்து வருமோ?" என்று கேட்டார். அவருக்கும் மூக்கு இருந்ததே.

அந்தக் காலை இப்போதும் கனவு போலத்தான் நினைவில் வருகிறது. வெள்ளை உடுப்பில் அத்தனை பேர், அத்தனை கைகளிலும் இளமஞ்சள் ஓலை. கரைமேல் போகும்போது அந்த வரிசை முழுவதும் தண்ணீரில் தலைகீழாக நடந்தது. கீழே நடந்தவர்கள் நீலமாக இருந்தார்கள். பாட்டு முன்னால் ஒரு மாதிரியும் பின்னால் ஒரு மாதிரியும் கேட்டது, காற்று அதை இழுத்து இழுத்துப் பிரித்தது. கரை வளைந்து வாய்க்காலோரம் திரும்பியதும் அங்கே டேங்கர் நின்றது. குழாய் வாய்க்காலுக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் பாட்டுச் சத்தத்தைக் கேட்டுத் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு மரியாதையாக நின்றார்.

"இன்னா அய்யரே, யாராச்சும் பூட்டாங்களா?" என்று கேட்டார்.

"யாரும் போகலப்பா" என்றார் போதகர். "ராஜா வர்றார்னு பாடிக்கிட்டு வர்றோம்."

"எந்த ராஜா? போலீஸ் ஸ்டேசன்ல புச்சா வந்துகீறாரே, அவரா?"

பாடகர் குழுவில் யாரோ சிரித்துவிட்டார்கள். அதற்குள் கன்னியப்பன் கடை பெஞ்சைத் தூக்கிக்கொண்டு வந்து லாரிக்கு முன்னால் குறுக்கே போட்டு, அதன்மேல் உட்கார்ந்து, "பாட்டு நிறுத்தாதீங்க, நல்லா கீது" என்றார். அப்போதுதான் ஓட்டுநருக்குப் புரிந்தது. அவர் கோபப்படவில்லை. களைத்துப்போன மனிதர். போலீஸ் வரும்வரை அந்த பெஞ்சிலேயே ஓரமாக உட்கார்ந்து கன்னியப்பன் கொடுத்த டீயைக் குடித்தார். நான் அவரிடம் கேட்டேன், இதில் என்ன இருக்கிறது என்று தெரியுமா என்று. "தெரிஞ்சா இன்னா சார், தெரியாட்டி இன்னா? நான் ஊத்தலன்னா வேற ஒருத்தன் ஊத்துவான்" என்றார்.

அப்போது நீ அழுதாய். உன் கையில் இருந்த ஓலைச் சிலுவை, அம்மா முந்தின நாள் மடித்துக் கொடுத்தது, வாய்க்காலில் விழுந்துவிட்டது. கோடையில் அதில் மழைத் தண்ணீர் ஏது? ஓடியது அந்த லாரியின் தண்ணீர்தான். சிலுவை அதன்மேல் மெதுவாகத் திரும்பி, வளைவில் ஒரு முறை தயங்கி, ஏரியை நோக்கிப் போனது. போகப் போக அதன் ஓரங்கள் நீலமாயின. நீ கையை நீட்டினாய். அம்மா உன் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்று காலை பூவரச இலை திரும்பிய அதே வளைவு அது, எஸ்தர். நான் அங்கே நின்று அதைப் பார்த்தபோது எனக்கு உன் அழுகைச் சத்தம் கேட்டது.

அந்தத் தண்ணீரை, பவனிக்குக் கொண்டுவந்திருந்த எலுமிச்சை ஜூஸ் பாட்டில்களைக் கழுவி எடுத்துக்கொண்டு அவற்றில் பிடித்தோம். ஒன்றுக்கு இரண்டாக. மூடியை மெழுகுவர்த்தி மெழுகால் அடைத்து, போதகரும் தலைமையாசிரியரும் அதன்மேல் கையெழுத்திட்ட தாளை ஒட்டினார்கள். அந்தக் கையெழுத்துகளால்தான் வழக்கு தள்ளுபடியாகாமல் நின்றது. ஓட்டுநருக்கு அபராதம் விழுந்தது. கழிவை அனுப்பியவர் யார் என்பது கடைசிவரை நிரூபணமாகவில்லை. எல்லோரும் ஒரு பெயர் சொன்னார்கள். நிரூபணமாகாததால் அன்றும் எழுதவில்லை, இன்றும் எழுத மாட்டேன். ஆனால் லாரி வருவது நின்றது. ஏரி தெளிய இரண்டு மழைக்காலம் ஆனது.

இதுவரை உனக்குத் தெரிந்த கதை. வீட்டில் விருந்தாளிகள் வந்தால் அம்மா சொல்வாள், கன்னியப்பன் பெஞ்சு வரை சொல்லி நிறுத்துவாள். அதற்குப் பிறகு நடந்ததை நாங்கள் யாரும் சொல்வதில்லை. மறைத்ததாக நினைக்காதே. அதில் சொல்ல ஒன்றும் இருப்பதாகவே யாருக்கும் தோன்றவில்லை.

லாரி திங்கட்கிழமை வந்தால்? செவ்வாய்க்கிழமை வந்தால்? தினமும் பவனி போக முடியுமா? அந்தக் கவலையில், ஈஸ்டர் முடிந்த கையோடு வாலிபர் சங்கப் பிள்ளைகள் சிறுபாலத்துக்குப் பக்கத்தில் வாய்க்காலை அடைத்தார்கள். அரிசிக் கடைச் சாக்குகளில் மண் நிரப்பி, ஆலயத்தின் பழைய மதில் இடித்த கல்லைப் போட்டு, மேலே களிமண் பூசி, உறுதியாக அடைத்தார்கள். இனி யார் எதை ஊற்றினாலும் ஏரிக்குப் போகாது. போதகர் ஜெபம் செய்தார். கன்னியப்பன் எல்லோருக்கும் டீ கொடுத்தார். நான் 'ஏரியை மீட்ட மக்கள்' என்று செய்தி எழுதினேன், என் பெயரோடு வந்தது. மழைக்கு முன்னால் எடுத்துவிடலாம் என்று எல்லோருமே சொன்னோம். அந்த வருடம் மழை பொய்த்தது. அடுத்த வருடம் வாலிபர் சங்கத்தில் பாதிப் பேர் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டார்கள். அதற்கடுத்த வருடம் அடைப்பின்மேல் புல் முளைத்து, அது அடைப்பு என்பதே தெரியவில்லை.

விஷத்தைத் தடுக்கிறோம் என்று தண்ணீரின் வழியையே தடுத்துவிட்டோம். அதன்பிறகு ஏரிக்கு வானத்திலிருந்து நேராக விழுந்தது மட்டும்தான் வரவு. வாய்க்கால் காய்ந்தது. பையன்கள் அதில் கிரிக்கெட் ஆடினார்கள். வீடு கட்டியவர்கள் இடிபாட்டைக் கொட்டி நிரவினார்கள். பிறகு உன் நிறுவனம் வந்து, நல்ல சமதளமான காய்ந்த நிலம் என்று கல் நட்டது. ரயில் பாதைப் பக்கத்து வீடுகளில் ஒவ்வொரு ஐப்பசியிலும் முழங்காலளவு தண்ணீர் நிற்பதை எழுதியிருக்கிறேன், எத்தனையோ தடவை. காரணத்தை நான் தேடியதே இல்லை. நாங்கள் நல்லது செய்த இடமாயிற்றே, அங்கே போய் யார் தேடுவார்கள்? இப்போது சாக்குகள் மக்கிவிட்டன. இந்த மழையில் அடைப்பு நடுவில் ஒரு ஆள் நுழையும் அளவு பிளந்திருக்கிறது. தண்ணீர் தன் பழைய பாதையை ஒரு இடத்தில்கூட மறக்காமல் வந்திருக்கிறது.

அம்மாவிடம் இன்று காலையே சொல்லிவிட்டேன். ஈர வேட்டியோடு நின்று சொன்னேன். "சமையலறை எங்க வருமோ, சரியா அங்கதான்" என்றேன். அவள் தோசைக் கல்லைப் பார்த்துக்கொண்டே, "பரவாயில்லையே, மெட்ராஸ்ல யாருக்குக் கெடைக்கும்? பைப்பே போட வேண்டாம்" என்றாள். பிறகு அடுப்பை அணைத்தாள். என் பக்கம் திரும்பி, "அவ கிட்ட நீ நேரா சொல்லாத. கேட்டா பாவம் நமக்காகத்தான் ஒடைஞ்சு போவா. எழுது" என்றாள். நாங்கள் வாடகை வீடுகளிலேயே காலம் தள்ளிவிட்டோம் என்பது உனக்கு எவ்வளவு உறுத்தல் என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அந்த மூலை மனையை நீ எங்களுக்காகக் கேட்டுச் சொல்லி வைத்தபோது அம்மா இரண்டு நாள் காரணமில்லாமல் பாடிக்கொண்டிருந்தாள். அதையும் நான் எழுத வேண்டும், இல்லாவிட்டால் செய்தி பாதிதான்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ இன்னொன்றும் சொன்னாய். மனைகளுக்கான உன் நில ஆய்வு அறிக்கையில் 'இந்த நிலத்தில் நீர்வழி எதுவும் இல்லை' என்ற வரி ஏற்கனவே தட்டச்சாகி வந்திருக்கிறது, நீ கையெழுத்துப் போட்டால் போதும் என்று. தயங்குகிறாயா என்று அம்மா கேட்டதற்கு, "நான் எழுதலன்னா வேற ஒருத்தர் எழுதிடுவாங்கம்மா" என்றாய். எனக்கு அந்த வாக்கியத்தை எங்கோ கேட்ட மாதிரி இருந்தது. ரயில் போன பிறகு பிளாட்பாரத்தில் நின்றபோதுதான் ஞாபகம் வந்தது, கன்னியப்பன் பெஞ்சின் ஓரத்தில், கையில் டீ கிளாஸோடு உட்கார்ந்திருந்தவர் சொன்னது. உன்னை அந்த ஓட்டுநரோடு ஒப்பிடவில்லை, கோபித்துக்கொள்ளாதே. அவரைப் போல நீயும் களைத்திருக்கிறாய் என்று மட்டும் சொல்கிறேன். களைத்தவர்கள் எல்லோரும் கடைசியில் அந்த வாக்கியத்துக்குத்தான் வந்து சேர்கிறார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். வேறு ஒருவர் ஊற்றலாம், வேறு ஒருவர் எழுதலாம். அந்த வேறு ஒருவரைத் தேடிப் பிடிக்கிற சிரமத்தையாவது அவர்களுக்குக் கொடு. ஒவ்வொரு தடவை அந்தச் சிரமம் ஏற்படும்போதும் ஒரு குற்றம் ஒரு நாளாவது தள்ளிப்போவதை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு நாளில் ஒரு மழை பெய்துவிடலாம்.

நான் கற்ற வேலையை உனக்குச் சொல்லித்தர எனக்கு வேறு தருணம் வாய்க்கவில்லை. நிலத்தைக் கோடையில் பார்த்துவிட்டு எழுதாதே, மழையில் போய் நின்று பார். தனியாகப் போகாதே, உன்னோடு பார்க்க இன்னொரு ஜோடிக் கண் வேண்டும். பக்கத்தில் கடை வைத்திருப்பவரிடம் பேச்சுக் கொடு, கிண்டல் செய்வார், பொறுத்துக்கொள். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுது, பார்த்ததில் எதையும் விடாதே. வேலை போனால் என்ன செய்வது என்பதற்கு அம்மா சொன்னது: உன் கட்டில் இன்னும் ஜன்னலோரத்திலேயே இருக்கிறது. இன்னொரு வாடகை வீடு பார்க்கும்போது மூன்று பேருக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

எங்களுக்கு வீடு வேண்டாம் என்று பொய் சொல்ல மாட்டேன். இன்று காலை அந்த இலை சமையலறைக்குள் நுழைந்தபோது கையை நீட்டி அதை நிறுத்திவிடலாமா என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அது ஜன்னல் வழியாக வெளியே போய் ஏரியில் சேர்ந்ததைப் பார்த்தபோது, சொன்னால் சிரிப்பாய், யாரோ வெகு நாள் கழித்து வீட்டுக்கு வந்து கதவைத் தட்டாமலே உள்ளே போனது போல இருந்தது. நான் வழிவிட்டு நின்றேன்.

இனி நிலுவையில் இருப்பவை. மனைகளுக்குக் கீழே வாய்க்கால் இருப்பதாகத் தாலுகா அலுவலகத்துக்கு நானும் கன்னியப்பனும் கையெழுத்திட்ட மனு இன்று மதியம் போகிறது. பதில் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. சனிக்கிழமை இரவு மறுபடி கனமழை இருக்கும் என்று வானொலி சொல்கிறது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும், மழை விட்டாலும் விடாவிட்டாலும், பழைய வாலிபர் சங்கத்தில் ஊரில் மிச்சம் இருக்கிற நாலைந்து பேர் சிறுபாலத்துக்கு வருகிறார்கள், இப்போது எல்லோருக்கும் தொப்பை. நாங்கள் போட்ட சாக்குகளை நாங்களே எடுக்கிறோம். நீ வந்தால் இலை விடலாம், வராவிட்டாலும் தவறில்லை. உன் அறிக்கை நிலுவையில் இருக்கிறது. அதில் என்ன இருக்கும் என்று கன்னியப்பன் கேட்டார். உறுதி செய்யப்படாத தகவலை நான் வெளியிடுவதில்லை என்று சொல்லிவிட்டேன். உன் அறிக்கை எதிர்பார்க்கப்படுவது திங்கட்கிழமை காலை, அலுவலகம் திறக்கும் நேரத்தில்.

அன்புடன்,
அப்பா